சான்று தேவை

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கோல்ப் ஆட்டக்காரரின் பக்கத்தைத் திறந்தால் முதல் வரி எப்போதும் ஒரே வார்ப்பில் இருக்கும். பெயர், பிறந்த தேதி, பிறகு 'மலேசிய' என்றோ 'பிஜி' என்றோ ஒரு நாட்டின் பெயர், அதன்பின் 'தொழில்முறை கோல்ப் ஆட்டக்காரர்'. பக்கத்திலுள்ள பெட்டியில் விரல்நகம் அளவுக்கு ஒரு கொடி. அந்த ஒற்றைச் சொல்லையும் நகத்தளவு கொடியையும் போட எழுதுகிறவருக்கு அரை நிமிடம் ஆகலாம். என் அப்பாவுக்கு அது பாதி ஆயுளைத் தின்றது, அப்படியும் கிடைக்கவில்லை. அவர் கோல்ப் ஆடியவர் அல்ல, பால்மரம் வெட்டியவர். ஆகையால் கலைக்களஞ்சியத்துக்கு அவரால் சங்கடம் எதுவும் நேரவில்லை.

எங்கள் ஆயர் ஈத்தாமைத் தெரியாத மலேசியர் குறைவு. இங்கே ஓர் இரவு தங்கியவர் அதைவிடக் குறைவு. பத்து பகாட்டிலிருந்து குளுவாங்குக்குப் போகும் சாலையும், கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இறங்கும் பழைய கூட்டரசுச் சாலையும் வெட்டிக்கொள்ளும் சந்தி இது. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் பேருந்துகள் இங்கே நின்றுதான் போகும். பயணிகள் கழிப்பறைக்கு ஓடுவார்கள், அவித்த சோளம் வாங்குவார்கள், போகிற போக்கில் ஒரு பீங்கான் பூச்சாடிக்கு விலை கேட்டுவிட்டு வாங்காமல் ஏறிவிடுவார்கள். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும் பேருந்துகளுக்கு எங்கள் நினைப்பு குறைந்துபோயிற்று. பூச்சாடிகள் மட்டும் விலை சொல்லக் காத்துக்கொண்டு இன்னும் நிற்கின்றன.

நான் பிறந்தது இந்தச் சந்தியிலிருந்து குளுவாங் பக்கம் சில மைல் உள்ளே, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கித்தா (ரப்பர்) தோட்டத்தில், 1958-இல். ஆண்டைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தோட்டத்து மேனேஜரை நாங்கள் துரை என்போம். துரைமாருக்கு ஒரு கிளப் இருந்தது, கிளப்புக்கு முன்னால் ஒன்பது குழி மைதானம். பதினெட்டுக் குழி ஆட ஆசைப்பட்டால் அதையே இரண்டு தடவை சுற்ற வேண்டும். அக்கம்பக்கத்துத் தோட்டத் துரைகளும் டாக்டர் துரையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவார்கள். ஞாயிறன்று எங்கள் லயத்தில் பிரட்டு, அதாவது காலை ஆள்கணக்கு, இல்லை. பையன்களுக்கு மட்டும் கிளப்பில் பிரட்டு. 'கேடி' வேலை, அதாவது துரையின் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பது, பந்து எங்கே விழுந்தது என்று கண் வைத்திருப்பது, அவர் மோசமாக அடித்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான திறமை. துரை ஜெயித்தால் சில்லறை கூடும், தோற்றால் குறையும். கோல்ப்பில் தரவரிசை என்ற ஒன்று உண்டென்று எனக்கு முதலில் புரிந்தது அந்தச் சில்லறையில்தான்.

என் அண்ணன் பை தூக்கினான். நான் சிறியவன், பந்து பொறுக்கினேன். மைதானத்தின் இரு பக்கமும் கித்தா மரங்கள். உள்ளே போய்விட்ட பந்தைத் துரை தேட மாட்டார். நாங்கள் தேடுவோம், கழுவுவோம், அடுத்த ஞாயிறு அவருக்கே விற்போம். கீறல் விழுந்த பந்தை உரித்துப் பார்ப்பதும் உண்டு. உள்ளே நூல் நூலாக ரப்பர், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். அப்பா வெட்டிய பால் பால்கொட்டகைக்குப் போய், கப்பல் ஏறி, வெள்ளைக்கார நாட்டில் நூலாகி, பந்தாகி, மறுபடியும் அப்பா வெட்டுகிற மரத்தடிக்கே வந்து விழுந்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1848 வாக்கில் ஸ்காட்லாந்தில் இறகு அடைத்த பந்துக்குப் பதிலாக ஒரு புதுப் பந்து வந்தது. அது கட்டாப்பெர்ச்சா என்ற பிசினால் ஆனது. அந்தப் பிசின் இந்த மலாய்க் காடுகளின் மரத்தில் வடிந்து சிங்கப்பூர் வழியாகப் போனது. கோல்ப் பந்துக்குக் குடியுரிமை கேட்டிருந்தால் முதல் வரிசையில் நின்று வாங்கியிருக்கும்.

அண்ணனோடு பை தூக்கியவர்களில் மண்டோர் (கங்காணி) மகன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். துரை கோபத்தில் முறித்து எறிந்த ஓர் இரும்புக் கோலை எடுத்து, முறிந்த இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டி வைத்திருந்தான். நிலா வெளிச்சமுள்ள இரவுகளில் பையன்கள் திருட்டுத்தனமாக மைதானத்தில் இறங்குவார்கள். பந்து பறப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, அடித்த சத்தத்தை வைத்தே அது எங்கே விழும் என்று மண்டோர் மகன் சொல்வான். போய்ப் பார்த்தால் அங்கேதான் கிடக்கும். ஒருநாள் துரை விளையாட்டாக அவனை ஒரு குழி ஆடிக்காட்டச் சொன்னார். ஆடினான். அடுத்த குழி ஆடச் சொல்லவில்லை.

இதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அன்றைய விளையாட்டுப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் வேறு. ஓட்டத்தில் டாக்டர் ஜெகதீசன், ராஜாமணி, பிறகு கால்பந்தில் கோல்கீப்பர் ஆறுமுகம். டீக்கடையில் பத்திரிகையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஆறுமுகம் கோலைக் காப்பாற்றிய கதையை, ஆட்டத்தைப் பார்க்காதவர்களே விழுந்து புரண்டு நடித்துக் காட்டுவார்கள். கோல்ப் செய்தி வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டி வாசிப்பார்கள். அது துரைமாருடைய சமாசாரம், நமக்கென்ன.

இப்போது 1958-க்கு வருகிறேன். மெர்டேக்கா (விடுதலை) நாளான 1957 ஆகஸ்டு 31-இலிருந்து இந்த மண்ணில் பிறக்கிற பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்றது அன்றைய அரசமைப்புச் சட்டம். 1962-இல் அதைத் திருத்திப் பெற்றோரின் தகுதியையும் சேர்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் பிறந்தவன் நான். பன்னிரண்டு வயதில் எதுவும் செய்யாமலேயே நீல அடையாள அட்டை கைக்கு வந்தது. அண்ணன் மெர்டேக்காவுக்கு முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான், அவன் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா தமிழ்நாட்டில் பிறந்தவர், அவரும் விண்ணப்பிக்க வேண்டும். மெர்டேக்கா சமயத்தில் பதிந்துகொள்ள வாய்ப்பு இருந்தது, முதலாண்டில் மலாய் மொழித் தேர்வைக்கூடத் தள்ளிவைத்தார்கள். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பத்து பகாட்டுக்குப் பேருந்து ஏற எங்கள் லயத்தில் பலருக்கு மனம் வரவில்லை. 'இங்கேதானே இருக்கிறோம், எங்கே போய்விடப் போகிறோம்' என்று அப்பா சொன்னாராம். ஒரே வீட்டில் மூன்று பேர், குடிமகன் அல்லாதவருக்கான சிவப்பு அட்டை இரண்டு, நீலம் ஒன்று. வீட்டிலேயே இளையவன்தான் முழுக் குடிமகன் என்பதால் கொஞ்ச காலம் எனக்குத் தலைகனம் இருந்தது.

அண்ணனுக்காக அப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனபோது பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். பிறந்ததை மருத்துவச்சி பார்த்தாள், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒரு நோட்டில் எழுதினார், அந்த நோட்டு எங்கே என்று அந்தக் கிராணிக்குப் பிறகு வந்த கிராணிக்குத் தெரியவில்லை. 'இந்தப் பையன் பிறந்ததற்கு என்ன ஆதாரம்?' என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்ற அண்ணனைக் காட்டினார். அது ஆதாரம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அது இறுகியது. சிவப்பு அட்டைக்காரன் தன் மரத்தில் பால் வெட்டுவதற்கே பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். மண்டோர் குடும்பம் சிங்கப்பூருக்குப் போய் ரஜூலா கப்பலில் ஏறியது. மண்டோர் மகனுக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. டியூப் சுற்றிய இரும்புக் கோலை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனான். அண்ணன் அதைக் கோழி விரட்ட வைத்துக்கொண்டான். தான் பிறந்த நாட்டைவிட்டு, தான் பார்த்தேயிராத 'சொந்த நாட்டுக்கு'ப் போகிற ஆட்டக்காரனுக்கு எந்தக் கொடி போடுவது என்பது அன்று யாருக்கும் தோன்றாத கேள்வி.

இன்றைக்கு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்பது அண்ணனின் பேத்தி. பாரிட் ராஜாவில் பல்கலைக்கழகம் போகிறாள், வார இறுதியில் என் வீட்டுக்கு வந்து மடிக்கணினியை விரிப்பாள். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. அந்தக் களஞ்சியம் 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்காரரான மயூரநாதன் வளைகுடாவில் கட்டடக்கலை வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தார். அவர் வழியில் உலகம் முழுக்கச் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. ஒரு காசும் வாங்காமல் இவ்வளவு சண்டை போட்டுக்கொள்கிற கூட்டத்தை நான் கோயில் கமிட்டிக்கு வெளியே பார்த்ததில்லை.

அவள் எழுத எடுத்துக்கொண்டது மலேசியத் தமிழ் கோல்ப் ஆட்டக்காரர்களை. பி. குணசேகரன், எம். ராமையா. 1990களின் மலேசிய கோல்ப்பைப் பற்றிப் பேசினால் இந்த இரண்டு பெயரையும் தாண்டிப்போக முடியாது. ஆசியச் சுற்றில் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள். உலகக் கோப்பையிலும் நாட்டுக்காக இறங்கியவர்கள். கோல்ப்பின் உலகக் கோப்பை என்பது நாட்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. 1999-இல் அது கோலாலம்பூர் பக்கம் மைன்ஸ் மைதானத்தில் நடந்து, டைகர் உட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். நாட்டுக்கு இரண்டே பேர் என்கிற ஆட்டத்துக்குத் தமிழ்ப் பையன்கள் போனார்கள் என்பதை எங்கள் டீக்கடைக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

முதல் தகராறு பெயரில். அனைத்துலகப் பட்டியல்களில் அவர்கள் 'பெரியசாமி குணசேகரன்', 'மாரிமுத்து ராமையா'. அப்பா பெயர் முன்னால் நிற்கிறது. வெள்ளைக்காரக் கணக்கில் முன்னால் நிற்பது ஆளின் பெயர், பின்னால் வருவது குடும்பப் பெயர். கோல் பிடித்தேயறியாத எத்தனையோ தோட்டத்து அப்பாக்கள் இந்த முறையில் பந்தயப் பலகை ஏறியிருக்கிறார்கள். ஆங்கிலக் களஞ்சியத்தில் இதற்கென்றே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள்: இது தந்தை பெயர், குடும்பப் பெயர் அல்ல, இவரை இவருடைய சொந்தப் பெயரால் குறிப்பிடவும் என்று. அந்தக் குறிப்பை எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது கொடி.

"தாத்தா, இவரை மலேசியர்னு எதை வச்சுப் போடறது?"

"மலேசியாவுக்கு ஆடினவரு பின்ன மங்கோலியரா?"

"ஐயோ, அது விளையாட்டு நாடு லா. குடியுரிமை வேற. ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கு."

எங்கள் காலத்து அலுவலக மேசையில்கூட இந்த நுட்பம் இருந்ததில்லை. ஆனால் அவள் சொல்வது சரி. களஞ்சியத்துக்கு அடியில் இயங்குகிற தரவுக் கிடங்கில், ஒருவர் எந்த நாட்டின் குடிமகன் என்பதற்கு ஒரு கட்டம், எந்த நாட்டுக்காக விளையாடுகிறார் என்பதற்கு இன்னொன்று. இதற்குக் கோல்ப்பே நல்ல உதாரணம். ஒரே பிரிட்டிஷ் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்காரர் ஒரு கொடியிலும் ஸ்காட்லாந்துக்காரர் இன்னொரு கொடியிலும் ஆடுவார்கள், ஒலிம்பிக் வந்தால் இருவரும் ஒரே கொடிக்குள் வருவார்கள். ரோரி மெக்கில்ராய் வட அயர்லாந்தில் பிறந்தவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் அயர்லாந்துக்காக ஆடினார். டேனியல் சோப்ரா ஸ்டாக்ஹோமில் பிறந்து, ஏழு வயதிலிருந்து டில்லியில் வளர்ந்து, சுவீடன்காரராக அமெரிக்காவில் ஆடினார். இவர்கள் எல்லாருக்கும் கொடி என்பது தேர்வு. கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் சொல்லலாம். எங்கள் பக்கம் அது சிவப்பா நீலமா என்பதோடு முடிந்தது. அதிலும் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டினால் கணக்கு மாறும்: இங்கே நீல அட்டை குடிமகனுக்கு, சிங்கப்பூரில் நீல அட்டை நிரந்தரவாசிக்கு, அங்கே குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. அண்ணன் தம்பி ஆளுக்கொரு பக்கம் நிற்கும் ஜொகூர்க் குடும்பங்களில் நிறத்தைச் சொல்லிவிட்டு எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும்.

கொடி விஷயத்தில் எங்கள் டீக்கடை ஒருமுறை பெருந்தன்மை காட்டியது. 2000 ஏப்ரலில் விஜய் சிங் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். பெயரையும் முகத்தையும் பார்த்துவிட்டு 'நம்ம ஆளு' என்று தீர்மானமாயிற்று. அவர் பிஜித் தீவின் லாவுத்தோக்காவில் பிறந்தவர், தமிழரல்ல. ஆனால் மலேசியா அவருக்கு ஊர் மாதிரிதான். 1984-இல் அவர் தொழில்முறையில் ஜெயித்த முதல் பட்டம் மலேசிய பிஜிஏ. அடுத்த ஆண்டு ஜக்கார்த்தாவில் மதிப்பெண் அட்டை விவகாரத்தில் ஆசியச் சுற்றிலிருந்து தள்ளிவைக்கப்பட்டபோது, சபாவின் கெனிங்காவில் கிளப் பயிற்சியாளராக, மரம் வெட்டுகிறவர்களும் அரசு ஊழியர்களும் ஆடுகிற மைதானத்தில், பாடம் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். பிறகு 1992-லும் 2001-லும் மலேசிய ஓப்பனை வந்து வாங்கிப்போனார். 2004 செப்டம்பரில் டைகர் உட்ஸை இறக்கிவிட்டு உலக முதலிடம். அவர் பக்கத்தில் கெனிங்காவ் ஒரு வரி. கொடி, பிஜிக் கொடி.

அந்தக் கொடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2000 ஏப்ரல் 9 அன்று ஓர் இந்திய வம்சாவளிப் பிஜிக்காரர் அகஸ்டாவில் பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டார். மே 19 அன்று பிஜி நாடாளுமன்றத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்த கும்பல், அந்த நாட்டின் முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரான மகேந்திர சவுத்ரியைப் பிடித்து 56 நாள் அடைத்து வைத்தது. இந்தியர் ஆளக்கூடாது என்பதே கோஷம். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன கப்பல்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர்: ஒருவர் அந்தக் கொடியை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார், இன்னொருவர் அந்தக் கொடிக்கடியில் தரையில் உட்கார்த்தப்பட்டிருந்தார். களஞ்சியத்தில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு கொடிதான்.

இதைவிடக் கொடுமை தென்னாப்பிரிக்காவின் பாப்வா செவ்கோலம். டர்பன் பக்கம் இந்திய வம்சாவளிக் குடும்பம், இவரும் கேடியாகத் தொடங்கியவர். எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, இடக்கையைக் கீழே வைத்துக் கோல் பிடிப்பார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் யாரும் திருத்தவும் இல்லை. 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் அவருடையது. 1963-இல் சொந்த ஊரில் நட்டால் ஓப்பனை ஜெயித்தார். வெள்ளையரல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது என்பதால் கொட்டும் மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். 1965-இல் அதே பந்தயத்தில் கேரி பிளேயரையும் தோற்கடித்தார். அதன்பின் அரசாங்கம் அவருக்குப் பந்தயங்களின் கதவைச் சாத்தியது, கடவுச்சீட்டையும் வாங்கிவைத்துக்கொண்டது. 1978-இல் ஏழையாகச் செத்தார். களஞ்சியம் அவரைத் தயக்கமின்றித் தென்னாப்பிரிக்கர் என்கிறது. அந்த நாடு அதைச் சொல்ல மறுத்த ஆண்டுகளுக்கும் சேர்த்து.

எனவே கொடியைக் களஞ்சியக்காரர்கள் தாராளமாகவே கொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கஞ்சத்தனமெல்லாம் சான்றில்தான். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அச்சிட்ட ஆதாரம் வேண்டும். பத்திரிகை, புத்தகம், பந்தய அமைப்பின் பதிவு. இல்லாவிட்டால் வரியின் வாலில் 'சான்று தேவை' என்று ஒட்டிவிடுவார்கள். சில நாள் கழித்து வரியே போய்விடும். அப்பா நின்ற மேசை ஞாபகம் வந்தது. அங்கே ஆளைக் காட்டினால் தாளைக் கேட்டார்கள். இங்கேயும் அதேதான், மேசை மட்டும் இல்லை.

புதிய பிள்ளைகளுக்குச் சிக்கலில்லை. 2002-இல் தைவானில் ஜெயித்து ஆசியச் சுற்றில் பட்டம் வாங்கிய முதல் மலேசியரான டேனி சியாவுக்கும், 2017-இல் ஆசியச் சுற்றின் வருமானப் பட்டியலில் முதலிடம் பிடித்த கேவின் கிரீனுக்கும் ஒவ்வொரு அடிக்கும் இணையத்தில் பதிவு இருக்கிறது. இருவரும் 2016-இல் ரியோ ஒலிம்பிக் போனார்கள், உலகமே பார்த்தது. கேவின் கிரீன் என்ற பெயரைக் கேட்டுவிட்டு எந்த ஊர் வெள்ளைக்காரன் என்று எங்கள் கடையில் ஒருவர் கேட்டார். கோலாலம்பூர் என்றேன். நம்பவில்லை. அவருக்கும் சான்று தேவைப்பட்டது.

முந்தியவர்களுக்குத்தான் பாடு. 1962-இல் ராயல் சிலாங்கூர் கோல்ப் கிளப்பில் தொடங்கிய மலேசிய ஓப்பனை 2020 வரை ஒரு மலேசியரும் வென்றதில்லை. வென்றவரின் பெயர் எப்படியும் எங்கேயோ இருக்கும். இருபதாவது இடம், நாற்பதாவது இடம், இரண்டு நாளோடு வெளியேறியது, இதெல்லாம் அன்றைய பத்திரிகையில் பொடி எழுத்தில் வந்து மறுநாள் மறைந்தவை. அந்தப் பொடி எழுத்தில்தான் நம் பையன்கள் இருந்தார்கள்.

பேத்தி தேடினாள். முதலில் கிடைத்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? சிங்கப்பூரில். அந்த நாட்டு நூலக வாரியம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு உள்பட பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஒரு மலேசியர் மலேசியாவில் ஆடிய ஆட்டத்துக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து தாள் வருகிறது. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பழைய இதழ்கள் பலவற்றைக் கூகுள் ஒரு காலத்தில் படமெடுத்தது, 2011-இல் அந்த வேலையை நிறுத்திவிட்டது. நடுவில் விடுபட்ட நாள்கள் விடுபட்டவைதான். தமிழ் நேசன் 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றது. தொண்ணூறு ஆண்டுக்கு மேல் நாம் பிறந்தது, மணந்தது, செத்தது, ஓடியது, ஆடியது எல்லாம் அச்சான பத்திரிகை. வீட்டிலிருந்தபடி பெயரைத் தட்டித் தேட ஒரு வழி இருந்தால் பேத்தி இந்நேரம் பத்துக் கட்டுரை முடித்திருப்பாள்.

கடைசியில் அவள் தன் சொந்தத் தாத்தாவிடமே போனாள். அண்ணனுக்கு நீல அட்டை பிறகு ஒருவழியாகக் கிடைத்தது, அந்தக் கதை வேறு. எழுபதைத் தாண்டியும் ஞாபகம் கூர்மை. எந்தத் துரைக்கு எந்தக் குழியில் கை நடுங்கும் என்பதிலிருந்து, தலைநகருக்குப் போய்த் தொழில்முறைக்கு மாறிய கேடிப் பையன்கள் வரை வரிசையாகச் சொன்னான். பேத்தி கைப்பேசியில் பதிவு செய்தாள். இரவு என்னிடம் வந்து, "எல்லாம் அருமையா இருக்கு தாத்தா, ஆனா ஒண்ணுகூடப் போட முடியாது" என்றாள். நேரில் பார்த்தவன் சொல்வது சொந்த ஆய்வாம், அதற்கு இடமில்லையாம். யாராவது அதைக் கேட்டு எழுதி, அது அச்சில் வந்து, அந்த அச்சைக் காட்டினால் எடுத்துக்கொள்வார்களாம்.

"மண்டோர் மகன்?" என்றேன்.

"அவரு ஒரு பந்தயமும் ஆடலியே. குறிப்பிடத்தக்கவர் பட்டியல்லயே வரமாட்டாரு."

அண்ணனுக்கு இதைச் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. "நான் பொறந்ததையே நம்பலை, நான் பார்த்ததையா நம்பப் போறானுங்க" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினான்.

எனக்கும் அந்த விதியின்மேல் கோபமில்லை. அவனவன் தன் சித்தப்பாவை உலக வீரன் என்று எழுதத் தொடங்கினால் களஞ்சியம் கல்யாண வாழ்த்துமடல் ஆகிவிடும். கோபம் நம்மேல்தான். சிவப்போ நீலமோ, அடையாள அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, உறைக்குமேல் துணி சுற்றி, பெட்டியின் அடியில் வைத்துக் காப்பாற்றிய ஜனம் நாம். அரசாங்கம் கொடுத்த தாளைத்தான் தாள் என்று நினைத்தோம். நம்மைப் பற்றி நாமே அச்சடித்த தாளில் கருவாடு மடித்தோம். மிச்சத்தைக் கறையான் வாசித்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவின் சிவப்பு அட்டை இன்றைக்கும் பத்திரம், ஒரு பழைய விளையாட்டுப் பக்கம்கூட இல்லை.

ஆகவே இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உங்கள் வீட்டுப் பரணில், கோயில் அலுவலகத்தில், மூடப்பட்ட தமிழ்ப்பள்ளியின் அலமாரியில் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். விளையாட்டுப் பக்கத்தைப் படமெடுங்கள். கோல்ப் மட்டுமல்ல, தோட்டத்துக் கால்பந்துக் கோப்பை, கபடி, ஓட்டப்பந்தயம், எதுவானாலும் சரி. செய்தியை மட்டும் கத்தரித்து எடுக்க வேண்டாம். பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுங்கள். தேதி இல்லாத துண்டைக் களஞ்சியம் ஏற்காது.